மருமகள் சர் எட்வர்ட் கோக்கின் வம்சமா? மீதிப் பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: குராய்டனில் மகன் வீட்டில் இருக்கிறோம். மருமகள் ஆங்கிலேயப் பெண், பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் கோக். ஒரு ஏஜென்ட் தானாகவே தொடர்புகொண்டு, அவள் சர் எட்வர்ட் கோக் என்ற பழைய காலத்து வழக்கறிஞரின் நேர் வம்சம் என்கிறார். கோக்கின் மகள் பிரான்சஸ் வழியாக வருகிறதாம், பக்கிங்ஹாம் பிரபு குடும்பமும் சேர்ந்துகொள்ளுமாம். வம்சாவளிப் படம், குலச்சின்னம் இரண்டையும் ஃபிரேம் போட்டுத் தர 650 பவுண்ட் கேட்கிறார். 200 முன்பணம் கொடுத்துவிட்டோம். பேரனின் பெயர் சூட்டு விழா அழைப்பிதழில் அந்தச் சின்னத்தை அச்சடிக்கலாமா? அவர் தந்த தாளில் கோக் பிறந்த ஆண்டு ஓரிடத்தில் 1551, இன்னோரிடத்தில் 1552 என்று இருப்பதும் உறுத்துகிறது.

பதில்: சின்னத்தை அச்சடிக்காதீர்கள். மீதி 450-ஐயும் இப்போது கொடுக்காதீர்கள்.

உங்களை உறுத்திய விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஏஜென்ட் தந்த தாளில் கவலைப்படத் தேவையில்லாத ஒரே இடம் அதுதான். கோக் பிறந்தது பிப்ரவரி 1-ஆம் தேதி. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். அதனால் அன்றைய கணக்கில் அது 1551, நம் கணக்கில் 1552. ஆள் ஒருவர்தான்.

யார் இவர்? நார்ஃபோக் மாவட்டத்து மைல்ஹாம் கிராமத்தில் ஒரு வழக்கறிஞருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, லண்டன் இன்னர் டெம்பிள் சட்டக் கழகம் என்று படித்து 1578-இல் பாரிஸ்டர் ஆனார். 1593-இல் நாடாளுமன்ற சபாநாயகர், 1594-இல் அட்டர்னி ஜெனரல் என்ற அரசுத் தலைமை வழக்கறிஞர், 1606 முதல் தலைமை நீதிபதி. மன்னர் முதலாம் ஜேம்ஸோடு மோதி 1616-இல் பதவி இழந்தார். நாடாளுமன்றத்தில் வாயாடியதற்காக லண்டன் கோபுரத்தில் சிறையும் இருந்தார். 1628-இல் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய உரிமை மனுவை முன்னின்று நிறைவேற்றியவர்களில் ஒருவர். 1634-இல் இறந்தார். பெரிய மனிதர், சந்தேகமில்லை. பெரிய மனிதர் என்பதால்தான் ஏஜென்ட்டுகள் இவர் பெயரை எடுக்கிறார்கள். ஊர்பேர் தெரியாத கசாப்புக்கடைக்காரரின் வம்சம் என்று சொன்னால் யார் 650 பவுண்ட் தருவார்கள்?

உங்களுக்கு வேண்டியது அவருடைய குடும்பம். முதல் மனைவி பிரிட்ஜெட் பாஸ்டன். 1582-இல் கல்யாணம், பத்துப் பிள்ளைகள். 1598 ஜூனில் அவர் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் கோக் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். பெண் எலிசபெத் ஹாட்டன், வசதியான இளம் விதவை, அமைச்சர் பர்லி பிரபுவின் பேத்தி. கோக்கின் போட்டியாளரான வழக்கறிஞர் பிரான்சிஸ் பேக்கனும் அவரைக் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. தேவாலய அறிவிப்பும் இல்லாமல் உரிமமும் இல்லாமல் தனி வீட்டில் நடந்த கல்யாணம் என்று திருச்சபை நீதிமன்றம் வழக்குப் போட்டது. நாட்டின் அட்டர்னி ஜெனரல், சட்டம் தெரியாமல் செய்துவிட்டதாகச் சொல்லித் தப்பித்தார்! இந்தக் கல்யாணத்தில் இரண்டு மகள்கள். இளையவள்தான் உங்கள் ஏஜென்ட் பிடித்திருக்கும் பிரான்சஸ்.

இங்கேதான் அவர் மாட்டிக்கொள்கிறார். மருமகளின் பெயர் கோக், அதனால் கோக் வம்சம் என்கிறார். வம்சம் வந்த வழியோ பிரான்சஸ் என்கிறார். பிரான்சஸ் 1617-இல் கல்யாணமாகி பக்கிங்ஹாமின் குடும்பமான வில்லியர்ஸ் வீட்டுக்குப் போனவள். அவளிடமிருந்து கோக் என்ற பெயர் யாருக்கும் இறங்கவில்லை. மருமகளுக்குக் கோக் என்ற பெயர் வழிவழியாக வந்திருந்தால் அது ஓர் ஆண் கோக்கிடமிருந்து வந்திருக்க வேண்டும். பிரான்சஸ் வழி என்பது உண்மையானால் பெயரை ஆதாரமாகக் காட்ட முடியாது. இரண்டு கதையையும் ஒரே ஃபிரேமுக்குள் திணித்து விற்கிறார்.

பக்கிங்ஹாம் சங்கதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தரகர்களுக்கு மிகப் பிடித்த கண்ணி அது. பதவி போன கோக், மன்னரின் செல்லப்பிள்ளையான பக்கிங்ஹாமைச் சரிக்கட்ட, அவருடைய அண்ணன் ஜான் வில்லியர்ஸுக்குப் பெண்ணைக் கொடுக்கத் தீர்மானித்தார். தாய் சம்மதிக்காமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டுபோய் ஒளித்துவைத்தார். கோக் தன் மகன்களையும் ஆட்களையும் கூட்டிப்போய்க் கதவை உடைத்து மகளைத் தூக்கிவந்தார். 1617 செப்டம்பரில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், மன்னர் முன்னிலையில் கல்யாணம். பிறகு ஜானுக்குப் பர்பெக் விஸ்கவுண்ட் பட்டம் கிடைத்தது, மனநோயும் முற்றியது. பிரான்சஸ் சர் ராபர்ட் ஹவர்டோடு வாழ்ந்து 1624-இல் ஒரு மகனைப் பெற்றாள். குழந்தைக்கு ராபர்ட் ரைட் என்ற பெயரில் ஞானஸ்நானம் ஆனது. 1627-இல் திருச்சபை நீதிமன்றம் பிரான்சஸைக் குற்றவாளி என்றது. அந்த மகன் வளர்ந்து மனைவி குடும்பத்துப் பெயரான டான்வர்ஸை வைத்துக்கொண்டான். அவன் மகன், தந்தை துறந்துவிட்ட பர்பெக் பட்டத்தைக் கேட்டு வழக்காடினார். 1678-இல் பிரபுக்கள் சபை, பட்டம் என்பது துறந்துவிடக்கூடிய பொருளல்ல என்று தீர்ப்பளித்ததே தவிர, அவருக்குச் சபையில் இடம் தரவில்லை.

இதிலிருந்து நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். கல்யாண பந்தம் நீடிக்கும்போது பிறந்த குழந்தையைக் கணவனுடையது என்று கொள்வது அன்றைய சட்டத்தின் பொது வழக்கம். ஆனால் ஊரறிந்த தகப்பன் ஹவர்ட். எனவே அந்த மகன் வழி வந்தவர் யாராக இருந்தாலும் பக்கிங்ஹாம் குடும்ப ரத்தம் என்று சொல்லிக்கொள்வது சிரமம். கோக்கின் ரத்தம் என்று மட்டும் தாராளமாகச் சொல்லலாம், தாய் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. உங்கள் ஏஜென்ட் உறுதியானதோடு நிற்காமல், உறுதியில்லாததையும் சேர்த்து விலையை ஏற்றியிருக்கிறார்.

குடும்பப் பெயரை நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. கோக்கின் சொத்துகளை ஆண்ட ஹோல்காம் மாளிகைக் குடும்பத்தில் 1759-இல் லெஸ்டர் பிரபு வாரிசில்லாமல் இறந்தார். சொத்து கடைசியில் அவருடைய சகோதரி மகன் வென்மன் ராபர்ட்ஸுக்குப் போனது. அவர் ராபர்ட்ஸை விட்டுக் கோக் ஆனார். மாளிகையிலேயே பெயர் பெண்வழி சுற்றித்தான் வந்திருக்கிறது. சர் எட்வர்ட் காலத்து அமைச்சர் சர் ஜான் கோக் டெர்பிஷயரில் வேறு குடும்பம். இலங்கைக்கு மெதடிஸ்ட் மிஷனரிகளை அழைத்துவரும் வழியில் 1814-இல் கப்பலிலேயே இறந்த தாமஸ் கோக் வேல்ஸில் ஒரு மருந்து வியாபாரியின் மகன். ஆங்கிலேயர்கள் இந்தப் பெயரைக் ‘குக்’ என்று உச்சரிப்பதால், பழைய எழுத்தர்கள் சாதாரண சமையற்காரக் குக்குகளையும் இதே எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

குலச்சின்னம்: இங்கிலாந்தில் குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. கிடையவே கிடையாது. லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484 முதல் தனி ஆளுக்குச் சின்னம் கொடுக்கிறது. அது அவருடைய சட்டபூர்வ ஆண்வழிக்கு இறங்கும். உங்கள் பேரன் தாய்வழியில் உரிமை கேட்கிறான், கிடைக்காது. இந்தத் திருட்டுச் சின்ன வியாபாரத்தை யார் தடுப்பது? இதற்கென்று ஒரு நீதிமன்றம் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டு தூங்கி 1954-இல் ஒரே ஒரு வழக்குக்காக எழுந்தது, மறுபடி படுத்துவிட்டது. புதிதாக முறைப்படி சின்னம் வாங்கப்போனால் ஆயிரக்கணக்கில் பவுண்ட். நேர்மையாக இருப்பவனுக்குத்தான் இந்த ஊரில் கட்டணம்.

வம்சம் தேட ஆசை இருந்தால் கோக்கிலிருந்து கீழே இறங்காதீர்கள், மருமகளிலிருந்து மேலே ஏறுங்கள். 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் அரசுப் பதிவில் கிடைக்கும். 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்கும். அதற்கு முன்னால் 1538-இல் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகளும், கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கேன்டர்பரி திருச்சபை நீதிமன்றத்தில் பதிவான உயில்களும் உண்டு. உயில்தான் தங்கம், பிள்ளைகள் பெயரை வரிசையாகச் சொல்லிவிடும். 1640-களிலும் 50-களிலும் உள்நாட்டுப் போரால் பதிவேடுகள் ஓட்டை. ஏஜென்ட்டுகள் மேலிருந்து பிரபு வம்சத்தை இறக்கி, கீழிருந்து உங்கள் குடும்பத்தை ஏற்றி, அந்த ஓட்டையில் கோந்து போட்டு ஒட்டுவார்கள். இணையத்தில் நூறு வம்சப் படங்கள் ஒரே மாதிரி இருந்தால் நூறு ஆதாரம் என்று எண்ணாதீர்கள், ஒருவர் செய்த தவறைத் தொண்ணூற்றொன்பது பேர் நகலெடுத்திருப்பார்கள்.

முன்பணத்துக்கு வருவோம். ஏஜென்ட்டுக்கு எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசாதீர்கள். 1624-க்கும் 1837-க்கும் இடையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் எந்த ஊர்ப் பதிவேடு, எந்த உயில் என்று கேளுங்கள். பிரான்சஸின் மகனுக்குப் பிறகு கோக் என்ற பெயர் யார் மூலம், எந்த ஆண்டு திரும்ப வந்தது என்றும் கேளுங்கள். பதினைந்து நாள் கெடு வையுங்கள். ஆவண எண்கள் இல்லாமல் வெறும் படம் வந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். கார்டில் கட்டியிருந்தால் அதே நாளில் வங்கிக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.