மாமியார் உடைத்தால் மண்குடம்
(வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்க அதிபர்களை ஒப்பிடுவது எப்படி?)

கேள்வி: அமெரிக்காவின் கடனை ஏற்றிவிட்டது இளைய புஷ்தான் என்கிறார் ஒரு நண்பர். இல்லை, ஒபாமாதான் என்கிறார் இன்னொருவர். இருவருமே எண்களை எடுத்து நீட்டுகிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இருவர் எண்ணும் சரியாகவே இருக்கலாம்; கோளாறு அளவுகோலில். 2001 ஜனவரியில் புஷ் பதவியேற்றபோது மொத்தக் கடன் 5.7 லட்சம் கோடி டாலர். 2009 ஜனவரியில் அவர் இறங்கும்போது 10.6. ஒபாமா இறங்கிய 2017 ஜனவரியில் 19.9. டாலரில் பார்த்தால் புஷ் கூட்டியது 4.9, ஒபாமா கூட்டியது 9.3. புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்காரர் இந்த இடத்திலேயே கணக்கு நோட்டை மூடிவிடுவார். அதையே சதவீதத்தில் போட்டால் 86-க்கு 88. வித்தியாசமே இல்லை!

இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே நிதியாண்டு பிறப்பது அக்டோபர் 1-ல். புது அதிபர் வருவது ஜனவரி 20-ல். அதனால் முதல் எட்டு மாதங்கள் ஓடுவது பெரும்பாலும் பழையவர் காலத்துச் சட்டங்களின்படிதான். 2009 நிதியாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் வரை அனுமதித்த சட்டத்தில் 2008 அக்டோபர் 3-ல் கையெழுத்துப் போட்டவர் புஷ். அந்த ஆண்டின் பற்றாக்குறை 1.2 லட்சம் கோடியைத் தொடும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது ஜனவரி 7-ல். ஒபாமா அப்போது பதவியேற்கவே இல்லை. பிப்ரவரியில் அவருடைய பொருளாதார ஊக்கச் சட்டமும் சேர்ந்துகொள்ள, ஆண்டு முடிவில் பற்றாக்குறை 1.4 லட்சம் கோடியில் வந்து நின்றது.

எனவே ஜனவரியை விட்டுவிட்டு, நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30-ல் கோடு கிழித்துப் பாருங்கள். 2001-ல் 5.8, 2009-ல் 11.9, 2017-ல் 20.2. இப்போது புஷ் கணக்கில் 105 சதவீத உயர்வு, ஒபாமா கணக்கில் 70. இந்த முறை முகம் மலர்வது ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிக்காரருக்கு.

ஆகவே பெயரை இழுப்பதற்கு முன்பே டாலரா, சதவீதமா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று பேசி முடிவுசெய்துவிடுங்கள். பிறகு அதை மாற்றக் கூடாது. ஒபாமாவுக்கு 2008 நிதி நெருக்கடியைச் சலுகையாகக் கொடுத்தால், ட்ரம்பின் முதல் நான்காண்டில் கடன் 27.7-க்குப் போனதைப் பேசும்போது கொரோனாவையும் கழித்தாக வேண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதுதான் இந்த விவாதங்களின் நிரந்தர நோய்.

கேள்வி: பணவீக்கத்தை அடக்கியவர் ரீகன் என்பது உண்மைதானே?

பதில்: பாதி உண்மை. 1980-ல் 13.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1983-ல் 3.2-க்கு இறங்கியது ரீகன் காலத்தில்தான். ஆனால் அதை இறக்கிய கை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்க்கருடையது. 1979-ல் அவரை அமர்த்தியவர் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர். வட்டி 20 சதவீதம் வரை ஏறியது; 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம். இந்தக் கசப்பு மருந்துக்கான விலையின் முதல் தவணையைக் கார்ட்டர் 1980 தேர்தலில் தோற்றுக் கட்டினார். ரீகனுக்குச் சேர வேண்டியதும் உண்டு: தன் கட்சிக்கு அடி விழுந்தபோதும் வோல்க்கரின் கையைப் பிடித்து இழுக்காமல், 1983-ல் அவரையே மறுபடி நியமித்தார். அரசியலில் அது சின்ன விஷயமல்ல.

கேள்வி: கிளின்டனின் பட்ஜெட் உபரி யார் சாதனை?

பதில்: 1998 முதல் 2001 வரை நான்கு நிதியாண்டுகள் உபரி. 1990-ல் மூத்த புஷ் தன் வாக்குறுதியை மீறி வரியை ஏற்றிச் செலவுக்கு உச்சவரம்பு கட்டியது, 1993-ல் ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட இல்லாமல் நிறைவேறிய கிளின்டனின் வரிச்சட்டம், 1995 முதல் குடியரசுக் கட்சியின் பிடியிலிருந்த நாடாளுமன்றம், இணையப் பங்குகளின் துள்ளல் எல்லாம் சேர்ந்த கலவை அது. இதில் மூத்த புஷ்ஷுக்குத்தான் பாராட்டு மிகக் குறைவாகக் கிடைத்தது என்பது என் கருத்து.

கேள்வி: இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்தது ஜனநாயகக் கட்சிதான் என்று சொல்வது சரியா?

பதில்: செனட் வாக்கெடுப்பைப் பாருங்கள். ஜனநாயகக் கட்சியில் 46 ஆதரவு, 21 எதிர்ப்பு. குடியரசுக் கட்சியில் 27 ஆதரவு, 6 எதிர்ப்பு. விகிதத்தில் குடியரசுக் கட்சி முன்னே நிற்கிறது. ஆனால் அந்த 21 பேரில் ஏறத்தாழ எல்லோரும் தென் மாநிலத்தவர். சட்டத்தைப் பிடிவாதமாக நிறைவேற்றிக் கையெழுத்திட்ட அதிபர் ஜான்சனும் அதே கட்சி, அதே தெற்கு. எதிர்த்த ஆறு பேரில் ஒருவரான கோல்ட்வாட்டர் அந்த ஆண்டே குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர். எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர் ஸ்ட்ராம் தர்மண்ட் அந்த ஆண்டே குடியரசுக் கட்சிக்குத் தாவினார். பெயர்ப்பலகை அப்படியே இருக்க, கடைக்குள் சரக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. இன்றைய கட்சிக்கு அன்றைய வாக்கை வரவு வைத்தால் கணக்கு உதைக்கும்.

கேள்வி: வரலாற்றாசிரியர்கள் போடும் தரவரிசை கடைசித் தீர்ப்புதானே?

பதில்: அல்ல. சி-ஸ்பான் தொலைக்காட்சியின் கணிப்பில் பத்துத் தலைப்புகள். நெருக்கடி மேலாண்மை, பொருளாதாரம், நீதிக்கான முயற்சி என்று எல்லாவற்றுக்கும் சம எடை. லிங்கன் எப்போதும் முதலிடம். மற்ற இடங்கள் நகரும்: 2000-க்கும் 2021-க்கும் இடையே கிராண்ட் 33-லிருந்து 20-க்கு ஏறினார், உட்ரோ வில்சன் 6-லிருந்து 13-க்குச் சரிந்தார். செத்தவர்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. இனப் பாகுபாட்டைப் பற்றிய நம் பார்வைதான் மாறியது. மொத்த இடத்தைப் பார்க்காமல் தலைப்புவாரியாகப் பாருங்கள். சீனாவுக்குக் கதவு திறந்ததும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை அமைத்ததும், பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலும் ஒரே நிக்சன்தான். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த எண்ணில் யாருடைய முகமும் தெரியாது.

கேள்வி: ஓர் அதிபரை எடைபோட எத்தனை ஆண்டு பொறுக்க வேண்டும்?

பதில்: 1952 தொடக்கத்தில் அதிபராக இருந்த ட்ரூமனுக்கு கேலப் நிறுவனத்தின் மக்கள் கருத்துக்கணிப்பில் கிடைத்த ஆதரவு 22 சதவீதம், இன்று வரலாற்றாசிரியர்களிடம் முதல் பத்துக்குள் இருக்கிறார். குறைந்தபட்ச வாய்தா வேண்டுமென்றால் 1978-ன் அதிபர் ஆவணச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதவி விலகி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே பொதுமக்கள் அந்த அதிபரின் அலுவலக ஆவணங்களைக் கேட்க முடியும். ஆலோசகர்கள் ரகசியமாகச் சொன்ன யோசனைகள் போன்றவற்றை அதிபர் 12 ஆண்டுகள் வரை பூட்டி வைக்கலாம்.