வாசகர் கேள்வி – பதில்: பேஸ்பால் வீரரிடம் ஒரு கையெழுத்து

சென்ற இதழில் பேஸ்பால் ஆட்டத்தின் விதிகளை விளக்கியிருந்தோம். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் விதிகளைப் பற்றி ஐயம் கேட்டவர்கள் குறைவு. அமெரிக்காவில் வளரும் பிள்ளைக்கோ பேரனுக்கோ ஒரு வீரரின் கையெழுத்தை வாங்கித் தருவது எப்படி என்று கேட்டவர்களே மிகுதி. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் ஒன்பது வயது மகன் நியூ யார்க் யாங்கீஸ் அணியின் ரசிகன். சென்ற ஆண்டு இரண்டு முறை யாங்கீ ஸ்டேடியத்துக்கு அழைத்துச் சென்றோம். ஆட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஒரு வீரரைக்கூட அருகில் பார்க்க முடியவில்லை. நாங்கள் செய்த தவறு என்ன? (ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: நீங்கள் காத்திருந்த நேரம்தான் தவறு. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் டக்அவுட்டின் (களத்தோரம் அணியினர் அமரும் இடம்) பின்னாலுள்ள வழியாக உடைமாற்றும் அறைக்குள் போய்விடுவார்கள்; அதன்பின் வெளியார் நுழைய முடியாத கார் நிறுத்துமிடம் வழியாக வீட்டுக்குப் போய்ச் சேர்வார்கள். ரசிகர்களுக்கு எட்டும் தொலைவில் அவர்கள் நிற்பது ஆட்டத்துக்கு முன்பு, பேட்டிங் பயிற்சியின்போதும் அதையொட்டிய ஓட்டப் பயிற்சியின்போதும்தான். வழக்கமாக ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இருக்கும்போது மைதானத்தின் கதவுகளைத் திறப்பார்கள். திறக்கும் வேளையில் நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். இரவு ஆட்டத்துக்கு மறுநாள் பகலிலேயே ஆட்டம் இருந்தால் களத்தில் பேட்டிங் பயிற்சி நடக்காமலே போவதும் உண்டு என்பதால், மாலை ஆட்டமாகப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சொந்த ஊர் அணிதான் முதலில் பயிற்சி செய்யும். ஆகவே கதவு திறந்து நீங்கள் இருக்கை வரிசைகளில் இறங்கி வருவதற்குள் அவர்கள் பெரும்பாலும் முடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள், களத்தில் வெளியூர் அணியே நிற்கும். சொந்த ஊர் ரசிகனுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் யாங்கீஸ் அணி பால்டிமோருக்கு ஆடப் போகும்போது நீங்களும் அங்கே போனால் இதே கணக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

எங்கே நிற்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவறிப் பறக்கும் பந்துகள் பார்வையாளர்களைத் தாக்கிய விபத்துகளுக்குப் பின், 2018க்குள் எல்லாப் பெரிய மைதானங்களிலும் டக்அவுட்டின் கடைசி வரையிலும், அதன்பின் அதையும் தாண்டியும் பாதுகாப்பு வலையை நீட்டிவிட்டார்கள். பிள்ளைகளின் தலை தப்பியது, கையெழுத்துக்கு இடைஞ்சலும் வந்தது. இன்று வலை முடியும் இடத்துக்கு அப்பால், மைதானத்தின் ஓரக்கோட்டையொட்டிய தாழ்ந்த சுவருக்கு அருகே நிற்பதே பயன் தரும். வலை இல்லாத அந்த இடத்தில் பயிற்சிப் பந்துகள் வரும் என்பதால், மகன் வீரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் என் உண்மையான ஆலோசனை வேறு. இவ்வாண்டு யாங்கீ ஸ்டேடியத்தை விட்டுவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத பிரிட்ஜ்வாட்டருக்குப் போங்கள். பெரிய லீக் எனப்படும் உயர்மட்டப் போட்டியின் 30 அணிகளில் ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு நிலைகளில் ஓர் அணி வீதம், 2021 முதல் மொத்தம் 120 மைனர் லீக் அணிகள் இருக்கின்றன. பிரிட்ஜ்வாட்டரில் ஆடும் சாமர்செட் பேட்ரியட்ஸ் அந்த ஆண்டிலிருந்து யாங்கீஸின் அந்த நான்கு நிலைகளில் மேலிருந்து இரண்டாம் படி அணியாக, அதாவது டபுள்-ஏ அணியாக, இருந்துவருகிறது. நாளை யாங்கீ ஸ்டேடியத்தில் ஆடப்போகும் இளைஞர்கள் இன்று அங்கே சுவரோரம் நின்று பையன்களிடம் பெயர் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களிலும் பலர் பையன்கள்தாம். காயத்திலிருந்து மீளும் பெரிய வீரர்களும் சில ஆட்டங்களுக்கு இத்தகைய அணிகளில் வந்து ஆடுவார்கள். 2024 ஜூனில் யாங்கீஸின் பந்தெறியும் வீரர் கெரிட் கோல் தம் முழங்கைக் காயத்துக்குப் பின் முதலில் பந்தெறிய வந்தது சாமர்செட்டுக்குத்தான்.

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு வயது. வீட்டில் எல்லா வீரர்களின் ஆட்டக் கணக்கும் ஒப்பிப்பாள். மைதானத்தில் வீரர் எதிரே வந்து நின்றால் வாயடைத்துப் போகிறாள். அவளுக்காக நானே கேட்டுவிடலாமா? (ஒரு தந்தை, சிகாகோ)

பதில்: கேட்காதீர்கள். அவளுடைய கூச்சத்தைப் போக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. கூச்சம் போகாமலே இருந்தாலும் இருக்கட்டும். நாற்பது வயதுக்காரர் பந்தை நீட்டினால் வீரரின் கண்ணுக்கு முதலில் தெரிவது வியாபாரியாக இருக்கக்கூடிய ஒருவர். பதினோரு வயதுப் பெண் நீட்டினால் தெரிவது பதினோரு வயதுப் பெண். அவள் சுவரோரம் நிற்க, நீங்கள் இரண்டு வரிசை பின்னால் உட்காருவதே நல்லது.

உங்கள் பங்கு முந்தைய நாள் வீட்டில் முடிந்துவிடுகிறது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: வீரரின் பெயர், ஒரு ‘ப்ளீஸ்’, பந்தில் கையெழுத்து. முடிந்ததும் நன்றி. இதைச் சாப்பாட்டு மேசையில் நாலைந்து முறை சொல்லிப் பார்க்கட்டும். மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று வளர்த்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தயக்கம் வரும். என் சகோதரியின் மகன் ஒரு முறை இருபத்திரண்டு வயது பிட்சரை, அதாவது பந்தெறியும் வீரரை, ‘அங்கிள்’ என்று கூப்பிட்டுவிட்டான், அந்த இளைஞர் திரும்பித் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தார். குடும்பப் பெயருக்கு முன் ‘மிஸ்டர்’ சேர்த்துச் சொன்னால் போதும். மரியாதையும் இருக்கும், வீரரும் திரும்பிப் பார்ப்பார்.

பெயரைச் சரியாகச் சொல்வதற்கு ஆளை அடையாளம் தெரிய வேண்டும். பயிற்சியின்போது பலர் பெயரோ எண்ணோ தெரியாத மேலங்கியை அணிந்திருப்பார்கள். யாங்கீஸ் அணியின் சட்டையிலோ எப்போதுமே எண் மட்டும்தான், பெயர் கிடையாது. அணியின் வீரர் பட்டியலை எண்ணோடும் படத்தோடும் ஒரு தாளில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். கணக்குகளை ஒப்பிக்கும் உங்கள் மகளுக்கு அது விளையாட்டாகவே இருக்கும். எல்லோரும் கூச்சலிடும் நட்சத்திர வீரரை விட்டுவிட்டு, யாரும் அழைக்காத மாற்று வீரரை ஒரு சிறுமி பெயர் சொல்லி அழைத்தால் அவர் நின்று பேசிவிட்டே போவார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பந்தில் எந்தப் பேனாவால் எழுத வேண்டும்? (ஒரு வாசகர், சான் ஹோசே)

பதில்: நீல நிற பால்பாயின்ட் பேனா. தடித்த மார்க்கர் பேனாவின் மை தோலில் ஊறிப் பரவி, சில ஆண்டுகளில் எழுத்தை நிழலடித்ததுபோல் ஆக்கிவிடும். இதை நான் கற்றது ஒரு பந்தை வீணாக்கிய பின்புதான். அந்தக் கையெழுத்து இப்போது மழையில் நனைந்த கோலம்போல் இருக்கிறது. மார்க்கர் பேனா படங்களுக்கும் வீரர் படம் அச்சிட்ட அட்டைகளுக்கும் தொப்பிக்கும் உரியது.

பந்தின் தோலைச் சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல்களில் இணைத்திருப்பார்கள். அந்தத் தையல் வரிகள் இரண்டும் மிக நெருங்கி வரும் இடத்தை ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்கிறார்கள். தனி ஒருவரின் கையெழுத்துக்கு அதுவே இடம். அணியினர் பலரும் ஒரே பந்தில் போடுவதானால் அந்த இடத்தை மேலாளருக்கு விட்டுவைப்பது பழைய வழக்கம். அந்தப் பகுதி மேலே தெரியும்படி பந்தைத் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினால் வீரருக்கு வேலை பாதியாகிவிடும். ஆட்டத்தில் பிடித்த பந்து சற்றுப் பழுப்பாக இருந்தால் அழுக்கென்று துடைத்துவிட வேண்டாம். பிட்சரின் கையிலிருந்து பந்து வழுக்காமலிருக்க, டெலவேர் ஆற்றுப் பக்கமிருந்து எடுத்த சேற்றை ஒவ்வொரு புதுப் பந்திலும் தேய்த்த பின்புதான் பெரிய லீகில் ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள். கையெழுத்து வாங்கிய பந்தை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு ஷோஹெய் ஓட்டானியின் கையெழுத்துதான் வேண்டுமாம். லாஸ் ஏஞ்சலஸ் போனால் கிடைக்குமா? (ஒரு பாட்டி, திருச்சி)

பதில்: கிடைக்காது என்று எண்ணிக்கொண்டு போங்கள், அம்மா. 2024இல் ஒரே பருவத்தில் 54 ஹோம் ரன் அடித்து 59 தளங்களைத் திருடி, வேறு எவரும் தொடாத 50–50 என்ற எல்லையைக் கடந்தவர் அவர். அவரிடம் கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பேரனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவருடைய டாட்ஜர்ஸ் அணியில் இரண்டாவதாகப் பிடித்தவர் யார் என்று கேட்டு வையுங்கள்.

கேள்வி: டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியில் குமார் என்றொருவர் ஆடுகிறாரே, நம்மவரா? அவரிடம் கையெழுத்து வாங்க எந்த நாளில் போகலாம்? (ஒரு வாசகர், டாலஸ்)

பதில்: குமார் ராக்கர் தாய்வழியில் இந்திய வம்சாவளியினர், ரேஞ்சர்ஸ் அணிக்காக 2024 செப்டம்பரில் முதல் ஆட்டம் ஆடினார். அவர் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர் என்பது உங்கள் கேள்விக்கு முக்கியம். அத்தகைய பிட்சர்கள் ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் எறிவார்கள். எறியும் நாளில் பெரும்பாலும் யாரோடும் பேசமாட்டார்கள், அன்று கேட்பதும் முறையன்று. மற்ற நாள்களில் பயிற்சியின்போது களத்தின் ஓரத்தில் பந்து பொறுக்கிக்கொண்டு நிற்பவர்களில் அவர்களும் இருப்பார்கள். அவர் தம் அணியோடு இருக்கும் காலத்தில், அணியின் அறிவிப்பில் எந்த நாளில் யார் எறிகிறார் என்று பார்த்துவிட்டு, அவர் முறை வராத நாளாகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கையெழுத்து வாங்க நின்ற பெரியவர்கள் சிலர் என் மகனை முட்டித் தள்ளினார்கள். ஒருவர் அவன் கையில் தம்முடைய பந்தைக் கொடுத்து, ‘நீ வாங்கிக் கொடு, ஐந்து டாலர் தருகிறேன்’ என்றார். இது சரியா? (ஒரு தாய், பாஸ்டன்)

பதில்: சரியில்லை. அந்தப் பந்து விற்பனைக்குப் போகும். வீரர்களுக்கும் இது தெரியும் என்பதால், பிள்ளையின் பெயரைக் கேட்டு ‘இன்னாருக்கு’ என்று எழுதிக் கையெழுத்திடுபவர்கள் உண்டு. பெயர் எழுதிய பந்துக்குச் சந்தையில் விலை குறையும். உங்கள் மகன் தானாகவே ‘என் பெயரை எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால் வீரரின் ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

விலைக்கு வாங்குவதைப் பற்றியும் சிலர் கேட்டிருந்ததால் இங்கேயே சொல்கிறேன். 1990களில் சான் டியேகோ அணியின் டோனி க்வின், தாம் போடாத கையெழுத்துகள் தம் பெயரில் விற்பனைக்கு இருப்பதைக் கண்டு சொன்னார். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அக்காலத்தில் நடத்திய விசாரணையில் பெரும் போலிக் கூட்டம் பிடிபட்டது. அன்னை தெரசாவின் பெயரில் போலிக் கையெழுத்திட்ட பேஸ்பால்களும் அதில் அகப்பட்டன. அன்னை எந்த மைதானத்தில் நின்று போட்டார் என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை போலும். அதன்பின் 2001இல் பெரிய லீக் தன் பொருள்களுக்கு எண்ணிட்ட ஹாலோகிராம் முத்திரை ஒட்டும் முறையைத் தொடங்கியது. வாங்கியே தீர வேண்டுமென்றால் அந்த முத்திரை உள்ளதை வாங்குங்கள். ஆனால் கடையில் வாங்கிய பந்தைக் காட்டி உங்கள் மகன் சொல்வதற்கு ஒரு கதை இருக்காது.

கேள்வி: ஒரு வீரர் என் மகனைப் பார்த்தும் பாராமல் போய்விட்டார். அன்று முழுவதும் அழுதான். என்ன சொல்லித் தேற்றுவது? (ஒரு தந்தை, அட்லாண்டா)

பதில்: அவருக்குக் கையெழுத்திடும் கடமை இல்லை என்று சொல்லுங்கள். ஒரு பருவத்தில் 162 ஆட்டம். அன்று அவருக்கு முதுகுவலியாக இருந்திருக்கலாம், அணியிலிருந்து நீக்கப்படும் செய்தி வந்திருக்கலாம்.

கையெழுத்து இந்த ஆட்டத்துக்கு ஒரு முறை பெரிய உதவி செய்திருக்கிறது என்பதையும் சொல்லலாம். 1994இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால், ஆண்டின் வெற்றி அணியைத் தீர்மானிக்கும் உலகத் தொடரே நடக்கவில்லை. 1995இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது ரசிகர்கள் கோபத்தோடு இருந்தார்கள். அந்த ஆண்டு பால்டிமோர் அணியின் வீரர் கால் ரிப்கன், ஆட்டங்கள் முடிந்தபின் களத்தோரம் நின்று நெடுநேரம் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்கள் ஆடிய பழைய யாங்கீஸ் வீரர் லூ கெரிக்கின் சாதனையைச் செப்டம்பர் 6 அன்று முறியடித்தவரும் அவரே. ஒரு நாளும் விடுப்பு எடுக்காத அந்த மனிதர், இரவில் வீட்டுக்குப் போவதையும் ஒத்திவைத்தார்.

கேள்வி: மதுரையில் இருக்கும் என் தங்கை மகனும் பேஸ்பால் பார்க்கிறான். இங்கிருந்து கடிதம் எழுதிக் கையெழுத்துப் பெற முடியுமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: முடியும். வீரரின் பெயரை எழுதி, அவருடைய அணியின் மைதான முகவரிக்கு அனுப்ப வேண்டும். வீட்டு முகவரியைத் தேடிப் பிடிப்பது தவறு. உள்ளே ஒரு பக்கத்துக்கு மேற்படாத கைக்கடிதம், ஓர் அட்டை, தபால்தலை ஒட்டி முகவரி எழுதிய திருப்பியனுப்பும் உறை ஆகியவை இருக்க வேண்டும். நம் நாட்டுத் தபால்தலை அங்கே செல்லாது என்பதால், அமெரிக்காவில் உள்ள உறவினர் ஒருவரின் முகவரியை அந்த உறையில் எழுதி, அவரையே அந்நாட்டுத் தபால்தலை ஒட்டி அனுப்பச் சொல்வது எளிது. பிப்ரவரி, மார்ச்சில் அணிகள் அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் பயிற்சி முகாமில் இருக்கும்போது அந்த முகாமின் முகவரிக்கு அனுப்பினால் வீரர்களுக்குக் கடிதம் பார்க்க ஓய்வு இருக்கும். பதில் இரண்டு வாரத்திலும் வரலாம், இரண்டு வருடம் கழித்தும் வரலாம். ஆகையால் இழக்க மனமில்லாத அட்டையை உறைக்குள் வைக்காதீர்கள். கடிதத்தைப் பையனே, தன் கையால், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதட்டும். பிழைகளை நீங்கள் திருத்த வேண்டாம்.