அப்பாவின் ரத்தத்தில் பிஞ்சு அணுக்கள்

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். மணிக்கட்டில் மட்டை முள் ஏறிக் கை வீங்கி, காய்ச்சலும் வந்தது. கிளினிக்கில் மருந்து கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். வெள்ளையணு 19.4. ‘மையலோசைட், மெட்டாமையலோசைட் உள்ளன, லெஃப்ட் ஷிஃப்ட், ரியாக்டிவ்’ என்று எழுதியிருக்கிறது. போனில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்கிறது. பிளேட்லெட்டும் 470. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டுப் பார்க்க வேண்டுமா? அவருக்கு முடி கொட்டுகிறது, அடிக்கடி கொட்டாவி விடுகிறார். முட்டி வலிக்குப் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய மாத்திரை சாப்பிடுகிறார், வேறு மருந்து இல்லை.

பதில்: இந்தத் தாளை வைத்துப் பார்த்தால் புற்றுநோய் என்று எனக்குப் படவில்லை. மஜ்ஜை ஊசியும் இப்போது வேண்டாம்.

நீங்கள் பார்த்து நடுங்கிய இரண்டும் கெட்ட அணுக்களின் பெயர்கள் இல்லை, நல்ல அணுவின் சின்ன வயதுப் பெயர்கள். பூ, பிஞ்சு, காய், பழம் என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல. கிருமியைத் தின்னும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் என்ற வடிவில் தொடங்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அணு முழுக்க ஒரே பெரிய உருண்டைக் கரு, ஓரத்தில் நீலமாக மெல்லிய விளிம்பு, அவ்வளவுதான். அடுத்த கட்டத்தில் ஊதாச் சிவப்புத் துகள்கள் தூவினாற்போல் நிறைகின்றன. அதற்கடுத்தது மையலோசைட், இரண்டாகப் பிரியும் சக்தி அதோடு முடிகிறது. பிறகு கரு ஒரு பக்கம் குழிந்து அவரைக்கொட்டை போல் ஆனால் மெட்டாமையலோசைட், லாடம் போல் வளைந்தால் பேண்ட். கடைசியில் அந்த லாடம் மூன்று நான்கு துண்டாக இடுக்கிக்கொண்டு, துண்டுகளுக்கு நடுவே நூல் போல் ஒட்டியிருக்கும். அதுதான் முற்றிய அணு. ஆரோக்கியமாக இருக்கும்போது பெரும்பாலும் இது மட்டுமே ரத்தத்துக்குள் வரும். மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்கிறது. ரத்தத்தில் அவை ஒரு நாள்கூடத் தங்குவதில்லை.

கையில் சீழ் பிடித்தால் இந்த வரத்து போதாது. மில்லுக்கு அவசரமாக லோடு வேண்டும் என்றால் பழுக்காத குலையும் லாரியில் ஏறுமே, அப்படித்தான் மஜ்ஜையும் பேண்டை அனுப்புகிறது, மெட்டாமையலோசைட்டை அனுப்புகிறது, கொஞ்சம் மையலோசைட்டையும் சேர்த்து அனுப்புகிறது. பழைய அட்டவணைகளில் இளசுகளை இடப்பக்கம் எழுதுவார்கள். லெஃப்ட் ஷிஃப்ட் என்ற பேர் அதிலிருந்து வந்ததுதான். பிளாஸ்ட் ரத்தத்தில் வந்திருந்தால் நானும் கவலைப்பட்டிருப்பேன், உங்கள் தாளில் அந்தச் சொல்லே இல்லை. கடைசியில் ‘ரியாக்டிவ்’ என்று போட்டிருக்கிறார்கள், அதாவது வேறு ஏதோ தொந்தரவுக்கு மஜ்ஜை பதில் சொல்கிறது என்று பொருள். அந்த ஒரு சொல்லை மட்டும் போனில் தேடாமல் விட்டுவிட்டீர்கள்!

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த எண்ணிக்கை இறங்குகிறதா? கை வீக்கம் வடிந்து மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, ‘ரத்தப் படலமும் பார்க்க வேண்டும்’ என்று கேளுங்கள், அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது. வெள்ளையணு 11-க்குக் கீழே வந்து பிஞ்சுகள் மறைந்துவிட்டால் கதை முடிந்தது. இறங்காமல் அங்கேயே நின்றாலோ ஏறினாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்போதும் என் முதல் சந்தேகம் அந்த முள்ளின் மேல்தான். செம்பனை முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து தங்கிவிடும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. மூட்டுப் பக்கம் என்றால் வாரக்கணக்கில் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் ஒன்றும் இல்லை என்றால்தான் நாள்பட்ட மையலாய்டு ரத்தப் புற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். அதில் வெள்ளையணு பெரும்பாலும் 50, 100 என்று போகும், பேசோஃபில் என்ற வகையும் கூடும், மண்ணீரல் பெருத்து இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் முதலில் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஒரு மரபணுச் சோதனை போதும். 2001-லிருந்து அதற்கு மாத்திரையும் இருக்கிறது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல, போன் உங்களுக்கு இதைச் சொல்லியிருக்காது என்பதால்.

பிளேட்லெட் 470? சீழ் இருந்தால் அதுவும் ஏறும், விடுங்கள். முடி 56 வயதில் கொட்டும். விடியற்காலை எழுந்து வேலைக்குப் போகிறவர் கொட்டாவி விடாமல் என்ன செய்வார்?

என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான். பசார் மாலாமில் முட்டி வலிக்கு வாங்கிய மாத்திரை என்ன மாத்திரை? இப்படிப் பதிவில்லாமல் விற்கும் ஜாமு என்ற மூலிகை மருந்துகளிலும் கேப்ஸ்யூல்களிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை இந்த நாட்டில் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். அது ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கும் வெள்ளையணுக்களைப் பெயர்த்துவிட்டு எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும். சர்க்கரையைக் கூட்டும். காய்ச்சலை அமுக்கிவிட்டு, கையில் சீழ் பரவுவதை உங்களுக்குத் தெரியாமல் செய்யும். இதைச் சாப்பிட்டுக்கொண்டே மறுபடி ரத்தம் எடுத்தால், அந்த எண்ணிக்கையை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது. டப்பாவில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் தின்றவர் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழவும் கூடும். டப்பாவோடு நாளைக்கே அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், இத்தனை நாள் மறைத்து வைத்த தாளை வழியிலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பழுத்த குலை எது, பிஞ்சு எது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.