சி நூலகத்தின் பைதான், கோ, ஸ்விஃப்ட் பைண்டிங்குகளைத் தனித்தனிக் களஞ்சியங்களில் வைக்க வேண்டுமா?

பைண்டிங் என்பது சி நூலகத்தை வேறொரு மொழியிலிருந்து அழைக்க உதவும் இணைப்பு நிரல். மொழிகளின் எண்ணிக்கையை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. சி தலைப்புக் கோப்பில் உள்ள ஒரு ஃபங்ஷனுக்குப் புதிதாக ஓர் ஆர்க்யுமென்ட் சேர்ந்தால், அன்றே எந்தெந்த பைண்டிங் உடையும் என்று பாருங்கள். உடைபவை மையமான சி நூலகத்துடன் ஒரே களஞ்சியத்தில் இருப்பதே நல்லது. மாற்றமும் அதற்கான திருத்தமும் ஒரே கம்மிட்டில் (களஞ்சியத்தில் ஒருமுறை பதியும் மாற்றத்தில்) சேர்ந்து, ஒன்றாகவே சோதிக்கப்படும். ஒரு கணினியின் நிரல் வேறொரு கணினியின் ஃபங்ஷனை அழைக்க உதவும் ஜிஆர்பிசி இதற்குத் தெளிவான சான்று: அதன் பைதான், ரூபி, பிஎச்பி பைண்டிங்குகள் பொதுவான மையத்தின் மேல் அமைந்த அடுக்குகள் என்பதால் மையத்தோடு இருக்கின்றன, கோவும் ஜாவாவும் அந்த மையத்தைச் சாராமல் அந்தந்த மொழியிலேயே எழுதப்பட்டவை என்பதால் தனிக் களஞ்சியங்களில் இருக்கின்றன.

இதற்கு எதிராக நிற்கும் நியாயம் வெளியீட்டு வேகம். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தரவை நினைவகத்தில் கையாளும் நூலகங்களைப் பல மொழிகளில் தரும் அப்பாச்சி ஆரோ திட்டத்தில் எல்லா மொழிகளும் ஒரே களஞ்சியத்தில், ஒரே பதிப்பு எண்ணோடு வெளிவந்துகொண்டிருந்தன. அடிக்கடி வெளியிட விரும்பிய ரஸ்ட் குழு 2021இல் பிரிந்து சென்றது. பிறகு கோவும் ஜாவாவும் பிரிந்தன. பராமரிப்பவர்களே வேறாகி, அவர்கள் மற்றவர்களின் வெளியீட்டுக்காகக் காத்திருக்கும் நிலை வந்துவிட்டால், பிரிப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பேக்கேஜ் கருவிகளின் கட்டாயம் வேறு விஷயம். ஸ்விஃப்ட்டின் பேக்கேஜ் மேலாளர், தன் விவரக் கோப்பு களஞ்சியத்தின் வேர் அடைவிலேயே இருக்க வேண்டும் என்கிறது. கோ அவ்வளவு கறாரானது அல்ல. மாட்யூல் துணை அடைவில் இருந்தால், பதிப்பைக் குறிக்கும் டேக்கின் பெயருக்கு முன் அந்த அடைவின் பெயரைச் சேர்த்தால் போதும். இத்தகைய கட்டாயத்துக்காக மூல நிரலைப் பிரிக்க வேண்டியதில்லை: தரவைச் சுருக்கமாகப் பரிமாற உதவும் புரோட்டோகால் பஃபர்ஸ் திட்டம் பிஎச்பி நிரலை முதன்மைக் களஞ்சியத்திலேயே வளர்த்து, வெளியீட்டுக்கு மட்டும் அதன் நகலைத் தனிக் களஞ்சியத்தில் வைக்கிறது.

ஆகவே உங்கள் நிலையில் நான் பைதானையும் கோவையும் மையத்துடனேயே வைத்து, ஸ்விஃப்ட்டுக்கு அப்படியொரு நகல் களஞ்சியத்தைத் தானாகவே உருவாகும்படி அமைப்பேன். கோவுக்கென்று ஒருவர் முழுப்பொறுப்பு ஏற்கும்போது கடந்த ஓராண்டின் கம்மிட் வரலாற்றைப் பாருங்கள். மையத்தையும் கோ அடைவையும் சேர்த்துத் தொட்ட கம்மிட்கள் அரிதாக இருந்தால், தயங்காமல் பிரித்துவிடலாம். பிரித்த பின்னரும் மையத்தில் வரும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (மாற்றத்தைச் சேர்க்கும் கோரிக்கைக்கும்) கோ பைண்டிங்கின் சோதனைகள் ஓடியே ஆக வேண்டும்.