கலங்கிய காலத்தில் வெளிநாட்டுப் பயணக் காப்பீடு: கேள்வி பதில்

வான்வெளி மூடல், போர்ப் பதற்றம், நோய்த்தொற்று அச்சம் என்று பயணத் திட்டங்கள் அடிக்கடி குலையும் இந்நாட்களில், வெளிநாடு செல்லவிருப்போர் அனுப்பிய கேள்விகளுக்குப் பொதுக் காப்பீட்டுத் துறையில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (சென்னை): வணக்கம் ஐயா. ஜெர்மனியில் உள்ள மகனைப் பார்க்க, தோஹா வழியாகப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம். 2025 ஜூனில் கத்தார் வான்வெளி மூடப்பட்டதைப் போல மறுபடியும் நேர்ந்தால், எங்கள் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஈடு செய்யுமா?

பதில்: பெரும்பாலும் செய்யாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 23 அன்று, கத்தாரில் அமெரிக்கப் படைகள் இருக்கும் அல் உதெய்த் படைத்தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியபோது, கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. அந்தச் சில மணி நேரத்தின் பாதிப்பு மறுநாளும் நீடித்தது. பாலிசி விதிமுறை ஆவணத்தின் விலக்குகள் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். போர், படையெடுப்பு, அந்நிய எதிரியின் செயல், போர் அறிவிக்கப்பட்டாலும் அறிவிக்கப்படாவிட்டாலும் நிகழும் பகைச்செயல் ஆகியவற்றால் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளையும் இழப்பு ஏற்கப்படாது என்ற பொருளில் ஒரு வாசகம் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் ஆவணத்திலும் இருக்கும். அதில் உள்ள "மறைமுகமாக" என்ற சொல்தான் வான்வெளி மூடலையும் தாமதத்தையும் தவறவிட்ட இணைப்பு விமானத்தையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது.

ஆனால், போர்க்காலத்தில் காப்பீடே பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. தோஹாவில் சிக்கிக்கொண்ட நாளில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தாலோ வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தாலோ, அதற்குக் காரணம் போர் அல்ல. அந்த மருத்துவச் செலவை நிறுவனம் ஏற்றாக வேண்டும். இழப்பு எந்த நேரத்தில் நேர்ந்தது என்பதைவிட எதனால் நேர்ந்தது என்பதையே பரிசீலனை அலுவலர் பார்ப்பார். சிக்கிக்கொண்ட நாட்களில் பாலிசியின் கெடு முடிந்துவிடக் கூடாது என்பதால், திரும்பும் தேதிக்குப் பிறகும் சில நாட்கள் கூடுதலாக வைத்து வாங்குங்கள். நீட்டிப்பு தேவைப்பட்டால், கெடு முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

பயணச்சீட்டு விஷயத்தில் நீங்கள் பிடிக்க வேண்டிய கை விமான நிறுவனத்தின் கைதான். அது தானே விமானத்தை ரத்து செய்தால், பணத்தைத் திருப்பவோ மாற்று விமானம் தரவோ கடமைப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் பயணத்துக்கு, எந்த நாட்டு விமானமாக இருந்தாலும், 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஐரோப்பிய ஒழுங்குமுறை பொருந்தும். அசாதாரணச் சூழலில் ரொக்க இழப்பீடு கிடையாது. எனினும் உணவும் தங்குமிடமும் தரப்பட வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்ட வழக்கில், அந்தக் கடமைக்கு நாள் வரம்போ பண வரம்போ இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஜெர்மனியிலிருந்து நீங்கள் திரும்பும் பயணத்துக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. சென்னையிலிருந்து வளைகுடா நாட்டு விமானத்தில் செல்லும் பயணத்துக்கு இல்லை. அதனால்தான், முழுப் பயணத்தையும் ஒரே சீட்டில் எடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். தோஹா வரை ஒரு சீட்டு, அங்கிருந்து வேறொரு நிறுவனத்தின் மலிவான சீட்டு என்று பிரித்து எடுத்தால், இணைப்பு தவறும்போது இரு நிறுவனங்களும் கைவிரித்துவிடும்.

கேள்வி (மதுரை): பயணத்துக்கு எத்தனை நாள் முன்பு பாலிசி எடுப்பது நல்லது?

பதில்: திரும்பக் கிடைக்காத முதல் தொகையை, அதாவது சீட்டுக்கோ விடுதிக்கோ, நீங்கள் கட்டுகின்ற அதே நாளில். பயண ரத்துக்கான பாதுகாப்பு பாலிசி எடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும் வகையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புயலோ தொற்றோ வேலைநிறுத்தமோ செய்தியில் வந்துவிட்டால், அது "முன்பே அறிந்த நிகழ்வு" ஆகிவிடும். அதன் பிறகு வாங்கும் பாலிசி அந்த நிகழ்வுக்கு உதவாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்ற பழமொழியைக் காப்பீட்டு நிறுவனங்கள் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கின்றன. விசா மறுக்கப்பட்டுவிடுமோ என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. பயணம் தொடங்கவில்லை என்பதற்குச் சான்று காட்டினால், சிறு பிடித்தத்துடன் பிரீமியத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் பல உள்ளன.

கேள்வி (கோயம்புத்தூர்): அப்பாவுக்கு வயது 68, அம்மாவுக்கு 64. அமெரிக்காவில் அக்கா வீட்டில் ஆறு மாதம் தங்கப்போகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு; ஸ்டென்ட் வைத்திருக்கிறது. படிவத்தில் எதையும் குறிப்பிட வேண்டாம், குறிப்பிட்டால் பிரீமியம் ஏறிவிடும் என்று முகவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முகவரை மாற்றுங்கள்.

மறைத்து எழுதிய படிவம் எப்படி வெளிப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். அமெரிக்க மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்குச் சென்றதும், செவிலியர் முதலில் கேட்பது என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான். அப்பா தன் பையிலிருந்து மெட்ஃபார்மின் அட்டையை எடுத்துக் காட்டுவார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை என்று பெருமூச்சோடு சொல்வார். அது அப்படியே மருத்துவக் குறிப்பின் முதல் வரியில் பதிவாகும். பரிசீலனை மேசைக்கு வரும் கோப்பில் நாங்கள் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். பக்கத்திலேயே, நீரிழிவு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று நிரப்பிய படிவமும் இருக்கும். மயக்கம் போட்டு விழுந்து எலும்பு முறிந்த கோரிக்கைகூட இதனால் நிராகரிக்கப்படலாம்.

உண்மையை எழுதிய பின்னும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. பல இந்தியப் பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் மட்டும், அதுவும் ஒரு தனி வரம்புக்குள், அந்தச் செலவை ஏற்கின்றன. அந்த வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்து, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவைச் சிகிச்சைக் கட்டணம் என்று தனித்தனி உச்சவரம்பு வைக்கும் திட்டங்கள் உண்டு. முகப்பில் ஒரு லட்சம் டாலர் என்று அச்சிட்டிருந்தாலும், ஒரு நாள் தீவிர சிகிச்சைக்கு அவர்கள் தருவது உள்ளே குறித்திருக்கும் சிறு தொகைதான். பிரீமியம் கூடினாலும், இந்த உள்வரம்புகள் இல்லாத திட்டத்தையே எடுங்கள். அமெரிக்காவுக்கு 50,000 டாலர் போதாது என்பது என் கணிப்பு. இதய நோயாளிக்கு இரண்டரை லட்சம் டாலராவது இருக்கட்டும்.

உங்கள் அக்கா அங்கிருந்தே ஒரு அமெரிக்க நிறுவனத்தின் வருகையாளர் காப்பீட்டை வாங்கலாம். அதில் இரு வகை உண்டு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று பட்டியல் போட்டுத் தருவது ஒரு வகை. அது மலிவானது, ஆனால் அங்குள்ள கட்டணத்தின் முன் அந்தப் பட்டியல் நிற்காது. டிடக்டிபிள் எனப்படும் நம் பங்கைக் கழித்துக்கொண்டு, மொத்தச் செலவில் பெரும்பகுதியை ஏற்பது மற்றொன்று. இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள், பழைய நோய் திடீரென முற்றினால் ஏற்கும் பிரிவு அதில் உள்ளதா, அதற்கு வயது வரம்பு என்ன என்பதையும் பாருங்கள். காப்பீடு இல்லை என்பதற்காக அவசரச் சிகிச்சையை மறுக்க அங்குள்ள 1986ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை; ஆனால் சிகிச்சைக்கான பில் வீட்டுக்கு வந்தே தீரும்.

கேள்வி (திருச்சி): ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ பாலிசி போதும் என்கிறார்களே, அதுவே போதுமா?

பதில்: விசாவுக்குப் போதும். ஐரோப்பாவின் ஷெங்கன் உறுப்பு நாடுகள் அனைத்திலும் தங்கும் காலம் முழுவதும் செல்லுபடியாகி, அவசரச் சிகிச்சையையும் உடலைத் தாயகம் கொண்டுவருவதையும் உள்ளடக்கிய குறைந்தபட்சத் தொகை அது. 2009ஆம் ஆண்டின் விசா விதித்தொகுப்பில் வகுக்கப்பட்ட எண் அது. மருத்துவச் செலவு அன்றைய நிலையில் நிற்கவில்லை. படுத்த நிலையில் நோயாளியை மருத்துவர் துணையோடு விமானத்தில் கொண்டுவர நேர்ந்தால், அந்தத் தொகை வேகமாகக் கரைந்துவிடும். ஒரு லட்சம் டாலர் திட்டத்துக்கும் இதற்கும் பிரீமியத்தில் உள்ள வேறுபாடு, விசாக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

கேள்வி (ஈரோடு): கடன் அட்டையோடு வரும் இலவசப் பயணக் காப்பீட்டை நம்பலாமா?

பதில்: கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டுமே நம்பிச் செல்ல வேண்டாம். அவற்றில் பல, விமான விபத்து மரணத்துக்கும் பெட்டி இழப்புக்குமானவை. சீட்டை அதே அட்டையில் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பொதுவாக இருக்கும்.

கேள்வி (இராமநாதபுரம்): தம்பி கட்டுமான வேலைக்குச் சவூதி போகிறான். அவனுக்குப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டுமா?

பதில்: சுற்றுலாப் பயணிக்கான பாலிசி வேலைக்குப் போகிறவருக்குப் பொருந்தாது, உடலுழைப்பு வேலையில் நேரும் விபத்தை அது பெரும்பாலும் விலக்கியிருக்கும். உங்கள் தம்பியின் கடவுச்சீட்டு வேலைக்கு வெளிநாடு செல்ல அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் (இ.சி.ஆர்.) வகையாக இருந்தால், பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம் கட்டாயம். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பிரீமியம் வரி நீங்கலாக இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. அந்தச் சான்றிதழின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வாரிசுதாரருக்குப் பாலிசி இருப்பதே தெரியாவிட்டால், கோரிக்கையும் எழாது. அங்கே அன்றாட மருத்துவத்துக்கு முதலாளி தரும் காப்பீட்டு அட்டைதான் வழி. வேலை ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள்.

கேள்வி (சேலம்): நேபாளம் வழியாகக் கயிலாய யாத்திரை செல்கிறோம். "ஆசியா, ஜப்பான் நீங்கலாக" என்ற திட்டம் மலிவாக உள்ளது. எடுக்கலாமா?

பதில்: நாடு என்ற அளவில் பொருந்தும். பார்க்க வேண்டியது உயரம். பரிக்கிரமாவில், அதாவது மலையைச் சுற்றி வரும் நடையில், வரும் டோல்மா லா கணவாய் சுமார் 5,630 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையேற்றத்தை விலக்கும் பாலிசிகளும், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பாதுகாப்பு இல்லை என்று சொல்லும் பாலிசிகளும் உள்ளன. உயர்மலை நோயும் ஹெலிகாப்டர் மீட்பும் எந்த உயரம் வரை ஏற்கப்படும் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் கிடைக்கும் உறுதிமொழி பரிசீலனை மேசை வரை வந்து சேராது. ஹெலிகாப்டரை அழைக்கும் முன் பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குத் தகவல் சொல்வது மிக முக்கியம்.

கேள்வி (புதுச்சேரி): விமான நிறுவனமே திவாலாகிவிட்டால்?

பதில்: ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயிலும் பறப்பதை நிறுத்தின. முன்பதிவு செய்தவர்கள் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் நீண்ட வரிசையில் நிற்க நேர்ந்தது. நிறுவனத் திவாலைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. கடன் அட்டையில் சீட்டு வாங்கியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் உடனே முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி உண்டு. காப்பீட்டைவிட அதுவே கைகொடுக்க வாய்ப்புள்ளது.

கேள்வி (திருநெல்வேலி): விமானத் தாமதத்துக்குக் கோரிக்கை வைத்தால் ஏதாவது ஒரு காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். எதை வாங்கி வர வேண்டும்?

பதில்: தாமதச் சான்றிதழ். எத்தனை மணி நேரம், என்ன காரணம் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். விமான நிறுவனங்கள் "இயக்கக் காரணங்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்த இரு சொற்களை வைத்துக்கொண்டு, இது வானிலையா, இயந்திரக் கோளாறா, வேலைநிறுத்தமா என்று பரிசீலனை அலுவலரால் முடிவு செய்ய இயலாது. காரணத்தைத் தெளிவாக எழுதித் தரும்படி நிலையத்திலேயே கேளுங்கள். பிறகு மின்னஞ்சலில் கேட்டால் வாரக்கணக்கில் ஆகும். பெட்டி வரவில்லையென்றால், வருகைக் கூடத்தை விட்டு வெளியேறும் முன் அங்குள்ள விமான நிறுவன முகப்பில் பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ச் சீட்டைப் பெற்றுவிடுங்கள். சேதமான பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பது மாண்ட்ரியல் உடன்படிக்கையின் விதி.

கேள்வி (வேலூர்): கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். இனி நீதிமன்றம்தானா?

பதில்: அதற்கு முன் இரண்டு படிகள் உள்ளன. நிராகரிப்புக் கடிதத்தில் எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முறையீடு அனுப்புங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, நிறுவனத்தைச் சாராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (ஆம்புட்ஸ்மன்) அணுகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் செல்ல வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அவர் பிறப்பிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதே விவகாரம் ஏற்கெனவே நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தால், அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே அவசரப்பட்டு வழக்குத் தொடுக்கும் முன் இந்த வழியை முயன்று பாருங்கள்.