விரல்நுனிக் கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவமனைக் கண்காணிப்புக் கருவிகளைப் பராமரிப்பது என் தொழில். இங்குள்ள நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை; அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

ஐயா, ஒரு துளி ரத்தம்கூட எடுக்காமல், விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் எப்படி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது? (சாட்ஸ்வொர்த்)

ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ அவோயாகிக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும், அம்மா. இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதைக் காது மடலில் ஒளி பாய்ச்சி அளக்க அவர் முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கிட்டு அளவுகளைக் கெடுத்தது. அதை நீக்க வழி தேடியபோதுதான் அவருக்கு உண்மை புலப்பட்டது: தோலும் எலும்பும் சிரையும் ஒளியை ஒரே சீராக மறைக்கின்றன, துடித்துத் துடித்து மாறுவது தமனி ரத்தம் மட்டுமே. ஆகவே துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் நிலை தெரிந்துவிடும். 1974இல் இதை அவர் வெளியிட்டார்.

இன்றைய கருவியில் சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவுகின்றன. ஆக்சிஜன் இழந்த ரத்தம் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். இரண்டு ஒளிகளின் விகிதத்தை, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்துத் தயாரித்த அட்டவணையோடு கருவி ஒப்பிடுகிறது. அவர்களின் ரத்த ஆக்சிஜன் அளவை 70 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோவது ஆபத்து என்பதால், அதற்கும் கீழான எண்கள் வெறும் கணிப்புதான்.

உலகமே தம் கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவோயாகி காலமானார்.

கறுத்த தோலில் இது தவறாகக் காட்டுமாமே, அண்ணா? (ஃபீனிக்ஸ்)

உண்மைதான் தம்பி. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம்தான். தோலுக்கு நிறம் தரும் மெலனின் கணக்கைப் பிசகச் செய்கிறது. பெரும்பான்மையோர் கறுத்த தோலுடைய இந்த நாட்டில் இதைச் சிறு குறையென்று ஒதுக்க என்னால் முடியாது. உடல்நலத்தோடு இருக்கும்போது உங்கள் அளவு எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இறங்குவதைக் கவனியுங்கள். மூச்சு வாங்கினால் எண் எதுவானாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

டர்பனில் 98 காட்டிய மாமியாருக்கு இங்கே 95 காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா? (லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்)

இல்லை அம்மா. டர்பன் கடலோரம், ஜோஹன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைந்தால் எண்ணும் சற்று இறங்கும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தில், மின்வெட்டு நேரத்தில், வீட்டுக்குள் கரி அடுப்பு எரிப்பவர்கள் உங்கள் பக்கத்தில் உண்டு. அந்த அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ஏறிய ரத்தமும் இந்தக் கருவிக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தமாகவே தெரியும். ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 காட்டலாம். தலைவலியும் குமட்டலும் வந்தால் கருவியைத் தேடாதீர்கள். எல்லோரையும் உடனே வெளியே கூட்டிச் செல்லுங்கள்.

அப்பாவுக்கு ஹோல்டர் கருவி மாட்டச் சொல்கிறார்கள். பாரமாக இருக்குமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதிவு செய்யும் இந்தக் கருவி இப்போது கைக்குள் அடங்கும் அளவுதான். நார்மன் ஹோல்டர் முதலில் உருவாக்கியதை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. எடை சுமார் 38 கிலோ! அப்பாவிடம் ஒரு குறிப்பேடு கொடுங்கள். படபடப்பு வந்த நேரத்தை எழுதி வைத்தால்தான் பதிவு முழுப்பயன் தரும்.

வீட்டு ரத்த அழுத்தக் கருவி ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறதே? (டொங்காட்)

ரத்த அழுத்தமே நிமிடத்துக்கு நிமிடம் மாறும், ஐயா. மேலும், அந்தக் கருவி கையில் சுற்றும் பட்டையில் எழும் அதிர்வுகளைத்தான் அளக்கிறது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் அதிலிருந்து கணக்கிட்டுப் பெறுபவை. பட்டை சிறிதானால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் இருமுறை அளந்து சராசரி எடுங்கள். அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது உங்கள் கருவியையும் கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.