உடம்பு நன்றாக இருக்கும்போதே எச்.ஐ.வி மாத்திரை தொடங்க வேண்டுமா?

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை, போன வாரம்தான் எச்.ஐ.வி உறுதியானது, ஆனால் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, இப்போதே மாத்திரை வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டும். சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருக்கும் பழைய முறை 2017-லேயே போய்விட்டது. மலையிறங்கி சேலம் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி கூட்டு மருந்து சிகிச்சை) மையத்துக்குப் போங்கள்; மருந்து இலவசம். இருமலோ இராக்காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், காசநோயை முதலில் பார்த்தாக வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரைதான், தினம் ஒரு வேளை. அதை ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்: காலையில் அடுப்பில் டீத்தண்ணி கொதிக்கும்போது மாத்திரை. மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: உங்கள் எச்.ஐ.வி மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருந்தால், சத்துக்குறைவுக்குத் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் நெஞ்செரிச்சல் மருந்தையும் அதற்கு 2 மணி நேரம் கழித்தே எடுங்கள். சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

6 மாதத்தில் வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்ப்பார்கள். கண்டறிய முடியாத அளவிலேயே அது நிலைத்துவிட்டால் உடலுறவு வழியாக உங்கள் துணைக்குப் பரவாது. இதை அவரிடமும் சொல்லுங்கள். மனம் கனத்தால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு அழையுங்கள், கட்டணமில்லை.

மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபடும். மாத்திரை தீரும்வரை காத்திராமல் ஒரு வாரம் முன்பே போய் வாங்கிவிடுங்கள்.